உலைமுன் இரு திங்கள்

சென்ற வாரம் எமக்கு வந்த கடிதங்களுள் ஒன்று, வடமராட்சியிலிருந்து ஒரு தாயார் எழுதியது. அவருடைய மூத்த மகன் திருச்சிராப்பள்ளியில் பொறியியல் பயில்கின்றான், மூன்றாம் ஆண்டு. வருகின்ற கோடை விடுமுறையில், கிழக்கிந்தியாவிலுள்ள உருக்காலை ஒன்றில் இரண்டு மாதம் பயிற்சி பெறுவதற்கு அவனுக்கு இடம் கிடைத்திருக்கின்றது. மகனுக்குக் கால் நிலத்திற் படவில்லையாம். தாய்க்கோ இரவில் உறக்கமில்லை.

"ஐயா, நெருப்பாறு ஓடும் இடத்துக்குப் பிள்ளையை அனுப்ப மனம் ஒப்பவில்லை. நாளைக்குப் பொறியியலாளனாக வரப்போகின்றவன், கரியும் புழுதியும் பூசிக்கொண்டு கூலியாட்களோடு நிற்கத்தான் வேண்டுமா? ஆலைக்குப் போகாமலே பயிற்சி பெற்றதாகச் சான்றிதழ் எடுத்துத் தருவதற்கு ஆள் உண்டென்று தெரிந்தவர் ஒருவர் சொல்கின்றார். அப்படிச் செய்தால் என்ன?" என்று அந்த அம்மையார் கேட்டிருக்கின்றார்.

இவை மூன்று வினாக்கள். அச்சம் ஒன்று, மதிப்பு ஒன்று, சான்றிதழ் ஒன்று. இம்மூன்றும் அந்த ஒரு வீட்டுக்கு மாத்திரம் உரியன அல்ல. பிள்ளையைப் பொறியியல் படிக்க வைத்திருக்கும் எத்தனையோ வீடுகளில் எழுவன. ஆதலால் மறுமொழியைத் தனிக் கடிதமாக எழுதாது, இப்பகுதியிலேயே எழுத எண்ணினோம்.

பிள்ளை போகும் இடம் எத்தகையது என்பதை முதலிற் பார்ப்போம். எமது நாட்டிலே தாதை உருக்கி இரும்பாக்கும் பெரிய ஊதுலை எதுவும் இல்லை. 1960களில் சோவியத் நாட்டின் உதவியுடன் அத்துருகிரியவுக்கு அண்மையில் எழுந்த உருக்காலையும், வெளியிலிருந்து வந்த உருக்குக் கட்டிகளைச் சூடாக்கிக் கம்பிகளாக உருட்டித் தந்த ஆலையேயாகும். எனவே உருக்கின் பிறப்பு முதற்கொண்டு காண விரும்பும் மாணவன் கடல் கடந்துதான் செல்ல வேண்டும். இந்தியப் பொறியியற் கல்லூரிகளிலோ, கோடை விடுமுறையில் ஆறு அல்லது எட்டு வாரங்கள் தொழிற்சாலையொன்றிற் பயிற்சி பெறுவது நெடுங்கால வழக்கம்.

அந்நாட்டின் பெரிய உருக்காலைகளுள் மூத்தது ஜாம்ஷெட்பூரில் இருப்பது. சுவர்ணரேகை, கார்க்காய் என்னும் இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில் சாக்சி என்றொரு சிற்றூர் இருந்தது. தாதுமலையும், நிலக்கரியும், நீரும் எட்டக்கூடிய தொலைவில் அமைந்தமையால் அவ்விடம் தெரிவு செய்யப்பட்டது. அந்த முயற்சிக்கு வித்திட்ட ஜம்ஷெட்ஜி டாட்டா 1904இலேயே காலமாகிவிட்டார். கம்பனி 1907இல் அமைக்கப்பட்டது. முதலாவது உருக்குக் கட்டி 1912 பெப்ரவரியில் வெளிவந்தது. 1919இல் ஊர் அவர் பெயரைப் பெற்றது. தாது மலையில் நிறைய இருந்தது. ஆனால் அதனை இந்த அளவிலே உருக்கிப் பழகிய கைகள் அந்நாட்டில் அன்று இல்லை. அமெரிக்கரும் ஐரோப்பியருமே உலைகளுக்குப் பொறுப்பாக நின்றனர். அந்நிலை மாறவேண்டும் என்பதற்காகவே 1921இல் அங்கு தொழில்நுட்பக் கல்விக்கூடம் ஒன்று தொடங்கப்பட்டது. பயிற்சி என்பது ஒரு சமூகம் தன் காலில் நிற்பதற்கு இட்ட முதற்படியாக அங்கே இருந்தது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

ஊரிலே கம்மாலை பார்த்தவர்களுக்கு ஊதுலையின் தத்துவம் புதிதன்று. துருத்தி ஊத, கரி கனல, இரும்பு இளகுவதை அங்கே கண்டிருப்பார்கள். ஊதுலையிலும் கரி உண்டு, காற்று உண்டு. உயரத்தில் மாத்திரம் அது பனையை விஞ்சி நிற்கும். மேலேயிருந்து இரும்புத் தாதும், கற்கரியும், சுண்ணாம்புக்கல்லும் அடுக்கடுக்காக இடப்படுகின்றன. கீழேயிருந்து, 1,000 பாகைக்கு மேற் சூடாக்கிய காற்று ஊதப்படுகின்றது. கற்கரி எரிவதால் உண்டாகும் காபனோரொட்சைட்டு வாயு மேலே எழும்போது, தாதிலுள்ள ஒட்சிசனைப் பறித்துக்கொள்கின்றது. எஞ்சிய இரும்பு உருகி அடியிற் சேர்கின்றது. தாதோடு வந்த மண்ணையும் கல்லையும் சுண்ணாம்பு தன்னோடு சேர்த்துக் கிட்டமாக்கி இரும்பின்மேல் மிதக்க வைக்கின்றது.

உலைவாயைத் திறந்தால் ஓடிவரும் அவ்விரும்பின் வெப்பநிலை ஏறத்தாழ 1,500 பாகை செல்சியஸ். அதில் நூற்றுக்கு நான்கு பங்கு காபன் கலந்திருப்பதால், ஆறியபின் அடித்தால் அது நொறுங்கும். ஆகவே அதைப் பெருங்கொப்பரை போன்ற கலத்தில் வார்த்து, தூய ஒட்சிசனை மேலிருந்து பாய்ச்சுகின்றார்கள். பதினைந்து இருபது நிமிடத்தில் காபனின் பெரும்பகுதி எரிந்துபோகின்றது. இம்முறை 1952இல் ஒஸ்திரியாவின் லின்ஸ் நகரில் நடைமுறைக்கு வந்து, பின்னர் உலகெங்கும் பரவியது. இவ்வாறு பிறந்த உருக்கு ஒரு சாண் தடிப்புள்ள பாளமாக வார்க்கப்படுகின்றது. அப்பாளம் மீண்டும் சூடேறி உருளைகளுக்கிடையே நுழைந்து, சில நிமிடங்களில் இரண்டு மூன்று மில்லிமீற்றர் தகடாக மறுபுறம் ஓடுகின்றது.

இவையனைத்தும் புத்தகத்தில் இருக்கின்றனவே, நேரிற் போய் என்ன காண்பது என்று கேட்கலாம். நியாயமான வினா. ஓர் உதாரணத்தாற் சொல்லுவோம்.

உலையின் சுவரைக் குளிர்விக்க இடையறாது நீர் ஓடவேண்டும். எவ்வளவு வெப்பம் சுவரினூடாக வருகின்றது, அதற்கு எவ்வளவு நீர் வேண்டும் என்பதை மாணவன் வகுப்பிலே கணக்கிட்டிருப்பான். விடை சரியாயிருந்தால் ஆசிரியர் முழுப் புள்ளியும் இடுவார். அதே மாணவன் ஆலையில் நீர் இறைக்கும் கூடத்துக்குப் போகின்றான். அங்கே கணக்கின்படி வேண்டிய இயந்திரங்களுக்கு மேலதிகமாகவும் சில இயந்திரங்கள் ஓடாமல் நிற்கின்றன. அப்பால் டீசலில் இயங்கும் வேறொன்று நிற்கின்றது. உயரத்திலே ஒரு பெரிய நீர்த்தாங்கி எப்போதும் நிரம்பியபடி இருக்கின்றது. ஏன் இவ்வளவு வீண் செலவு என்று அவன் கேட்கின்றான். "தம்பி, மின்சாரம் நின்றால்?" என்று அங்குள்ள முதிய தொழிலாளி திருப்பிக் கேட்கின்றார்.

அந்த ஒரு கேள்வியை வகுப்பிலே நாம் எவ்வளவு உரத்துச் சொன்னாலும் பிள்ளையின் காதில் ஏறுவதில்லை. உருகிய இரும்பு சுவருக்கு அப்பால் இருக்க, இப்பால் நிற்பவனுக்கே அது ஏறுகின்றது. வகுப்பிலே நீர் நின்றால் ஒரு புள்ளி குறையும். ஆலையிலே நீர் நின்றால் சுவர் உருகும். உருகிய இரும்பின்கீழ் நீர் அகப்பட்டால், அது கண்ணிமைப்பில் ஆவியாகி, ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரிந்து வெடிக்கும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் முன்னோர் சொன்னதைப் பிள்ளைகள் பரீட்சைக் கட்டுரையில் எழுதுவார்கள். அதன் பொருளை அவர்கள் அறிவது இத்தகைய இடத்திலேதான்.

இன்னுமொன்று. ஊதுலை ஒருமுறை மூட்டப்பட்டால் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் அணையாமல் எரிவதுண்டு. நமது பிள்ளை முதலாம் வகுப்பிற் சேர்ந்த நாளில் மூட்டிய உலை, அவன் பல்கலைக்கழகத்திற் கால் வைக்கும் நாளிலும் எரிந்துகொண்டிருக்கும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அதற்கு ஓய்வில்லை. ஒரு முறைக்காரர் வீடு போகுமுன் அடுத்த முறைக்காரரிடம் உலையை ஒப்படைக்கின்றார். எந்தக் குழாயில் கசிவு, எந்தக் கருவி பொய் சொல்கின்றது, எதைக் கவனிக்க வேண்டும் என்பனவெல்லாம் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட்ட பின்னரே அவர் வெளியேறலாம். மறைத்தால் அடுத்தவன் உயிருக்கு ஆபத்து. உண்மை எழுதுதல் என்னும் ஒழுக்கத்தை இதனினும் சிறப்பாகக் கற்பிக்கும் பள்ளிக்கூடத்தை நாம் அறியோம்.

ஆலையிலே கைகளுக்கும் கண்களுக்கும் தெரிந்த அறிவு ஒன்று உண்டு. இக்காலத்தில் வெப்பநிலையையும் அமுக்கத்தையும் கணினித் திரை காட்டுகின்றது. ஆயினும் இருபது ஆண்டு உலைமுன் நின்றவர், ஓடிவரும் இரும்பின் நிறத்தையும் அதிலிருந்து தெறிக்கும் பொறிகளையும் பார்த்து, இம்முறை சிலிக்கன் கூடுதலோ குறைவோ என்று ஊகிப்பார். உருட்டாலையில் நிற்பவர், இயந்திரத்தின் ஓசை மாறியவுடன் தலை நிமிர்வார். திரையிலே சிவப்பு விளக்கு எரிவதற்கு முன்னர் அவர் நிமிர்ந்துவிடுவார். அவரிடம் பட்டம் இல்லை. ஆயினும் பட்டம் பெறப்போகின்றவனுக்கு அந்த இரண்டு மாதமும் அவரே ஆசான்.

அப்படியாயின் அனுபவமே போதும், படிப்பு வேண்டாம் என்பது எமது கருத்தா? அன்று. இரண்டும் ஒன்றையொன்று தேடி நிற்பன என்பதே எமது கருத்து. இதற்கு உருக்கின் வரலாற்றிலே அழகானதொரு சான்று உண்டு.

1856இல் ஹென்றி பெஸ்ஸமர் என்னும் ஆங்கிலேயர், உருகிய இரும்பினூடாகக் காற்றைச் செலுத்தி விரைவாக உருக்குச் செய்யும் முறையை அறிவித்தார். ஆனால் அதில் ஒரு குறை இருந்தது. தாதிலே பொசுபரசு கலந்திருந்தால், அது உருக்கில் அப்படியே தங்கி, குளிரில் நொறுங்கச் செய்தது. ஐரோப்பாவின் பெருந்தாதுப் படிவங்கள் பலவற்றில் பொசுபரசு மிகுதி. இருபது ஆண்டுகளுக்கு மேல் இதனை எவராலும் தீர்க்க இயலவில்லை.

தீர்த்தவர் ஓர் இளைஞர். பெயர் சிட்னி கில்கிறிஸ்ட் தோமஸ். இலண்டனிலே பொலிஸ் நீதிமன்றத்தில் லிகிதராகக் கடமை பார்த்தவர். பகலில் கோவைகளோடு இருந்துவிட்டு, மாலையில் பேர்க்பெக் நிலையத்தில் இரசாயனம் பயின்றார். கலத்தின் உட்சுவர் மணற்கல் வகையால் ஆனதால்தான் பொசுபரசு வெளியேறவில்லை. சுண்ணாம்புச் சார்புள்ள சுவரும் சுண்ணாம்பும் இருந்தால் அவை பொசுபரசைப் பற்றிக்கொள்ளும் என்று அவர் ஊகித்தார். ஊகம் அவரிடம் இருந்தது; உலை இல்லை. அவருடைய மைத்துனர் பேர்சி கில்கிறிஸ்ட், வேல்ஸ் நாட்டில் பிளேனாவன் இரும்பாலையில் இரசாயனராக இருந்தார். அங்கே சிறிய கலமொன்றில் இருவரும் திரும்பத் திரும்ப முயன்றனர். 1878இல் இரும்பு உருக்கு அறிஞர் சபையில் தோமஸ் தம் முடிவை அறிவித்தபோது பெரியவர்கள் பொருட்படுத்தவில்லை. 1879இல் மிடில்ஸ்பரோவில் பெரிய அளவிற் செய்து காட்டியபோது உலகம் திரும்பிப் பார்த்தது. கழிவாக வந்த கிட்டமும் பொசுபரசு நிறைந்ததாதலால் வயலுக்கு உரமாயிற்று. அவ்விளைஞர் 1885இல், முப்பத்து நான்கு வயதிலேயே நோயால் இறந்தார்.

மாலை வகுப்பு இல்லையாயின் ஊகம் பிறந்திராது. பிளேனாவன் உலை இல்லையாயின் ஊகம் கொப்பியிலேயே கிடந்திருக்கும். கோடைப் பயிற்சிக்குப் போகும் மாணவன் அந்த இரண்டையும் ஒன்றுசேர்க்கவே போகின்றான்.

இனி அம்மையாரின் முதல் வினாவாகிய அச்சத்துக்கு வருவோம். பயப்பட ஒன்றுமில்லை என்று எழுதினால் அது பொய்யாகும். உருக்காலை ஆபத்தான இடந்தான். 2014ஆம் ஆண்டு யூன் மாதத்தில் இந்தியாவின் பிலாய் உருக்காலையில், நீர் இறைக்கும் கூடமொன்றில் ஊதுலை வாயு பரவி அறுவர் உயிரிழந்தனர். அவர்களுள் துணைப் பொது முகாமையாளர் இருவரும் அடங்குவர். காபனோரொட்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. அது தொழிலாளி, அதிகாரி என்ற வேறுபாட்டையும் அறியாது.

இதனால் நாம் பெறும் பாடம், பிள்ளையை அனுப்பலாகாது என்பதன்று. இன்று எங்கேயோ கட்டளையிடும் இடத்தில் அமரப்போகின்ற பிள்ளை, அந்த வாயு எந்தக் குழாயில் ஓடுகின்றது, எந்த இடத்தில் தேங்கும், அங்கே நிற்பவன் எவ்வழியால் ஓடித் தப்புவான் என்பதைத் தன் கண்ணாற் கண்டிருக்க வேண்டும் என்பதே. காணாதவன் மேசையில் இருந்து இடும் கையொப்பம், கீழே நிற்பவன் உயிரைக் கேட்கும்.

ஒழுங்காக நடக்கும் ஆலைகளில், பயிலுநருக்கு முதலிலே பாதுகாப்பு வகுப்பு நடத்துவார்கள். தலைக்கவசம், இரும்பு முகப்புள்ள சப்பாத்து, கண்ணாடி, உரிய அங்கி ஆகியன இன்றி உள்ளே விடமாட்டார்கள். பயிலுநரின் வேலை பார்ப்பதும் கேட்பதும் எழுதுவதுமேயன்றி, உலையைத் தொடுவதன்று. அம்மையார் மகனிடம் இரண்டு உறுதிமொழி வாங்கட்டும். கோடு கீறிய நடைபாதையை விட்டு விலகுவதில்லை, பாரந்தூக்கி சுமந்து செல்லும் பொருளின்கீழ் ஒருபோதும் நிற்பதில்லை என்பது ஒன்று. வாயுவுள்ள இடத்துக்குத் துணையின்றியும் வாயு காட்டும் கருவியின்றியும் போவதில்லை என்பது மற்றொன்று. மே மாதத்தில் அப்பக்கத்து வெயிலே நாற்பது பாகையைத் தாண்டும். உலையருகே சொல்ல வேண்டியதில்லை. நீரை நிறையக் குடிக்கவும், மயக்கம் வந்தால் வெட்கப்படாது சொல்லவும் பழக்கி அனுப்புங்கள். ஆலை பாதுகாப்பு வகுப்பு நடத்தவில்லை, சப்பாத்துத் தரவில்லை என்று மகன் எழுதினால், உடனே கல்லூரிக்கு அறிவித்து அவனைத் திருப்பி அழைக்கவும் தயங்க வேண்டாம். துணிவு வேறு, அசட்டை வேறு.

இரண்டாவது வினா எமக்குச் சிறிது வருத்தம் தந்தது. கரி பூசிக்கொண்டு கூலியாட்களோடு நிற்பதா என்பது அது. வருத்தம் அந்தத் தாயார்மீது அன்று. அவர் சொன்னது எம் சமுதாயம் அவருக்குச் சொல்லிக் கொடுத்தது. உத்தியோகம் புருஷ லட்சணம் என்றோம். உத்தியோகம் என்றால் கதிரையும் மேசையும் வெள்ளைச் சட்டையும் என்று நாமே பொருள் செய்துகொண்டோம். கச்சேரி லிகிதருக்குப் பெண் கொடுக்க ஓடிய ஊர், கம்மாலையில் நின்றவனைத் திண்ணையில் இருத்தவும் தயங்கியது. அந்த வழக்கத்தால் நாம் இழந்தது என்ன என்பதற்கு எமது தீவிலேயே சான்று கிடக்கின்றது.

பலாங்கொடைக்கு அண்மையில், சமனலவாவிப் பகுதியின் மலைமுகடுகளில், பழைய இரும்பு உலைகளின் எச்சங்கள் காணப்பட்டன. அவையாவும் மேற்கு நோக்கி அமைந்திருந்தன. கில் ஜுலெஃப் என்னும் தொல்லியல் ஆய்வாளர் அவற்றை ஆராய்ந்து, தென்மேற்குப் பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு இயங்கிய உலைகள் அவை என்று கண்டார். வெறும் காற்றினால் அவ்வளவு வெப்பம் உண்டாகுமா என்ற ஐயம் இருந்தது. அவர் அதே இடத்தில் அதேபோன்ற உலையைக் கட்டி, பருவக்காற்று வீசும் காலத்தில் மூட்டிப் பார்த்தார். இரும்பு மாத்திரமன்றிக் காபன் மிகுந்த உருக்கும் கிடைத்தது. அவ்வாய்வு 1996இல் 'நேச்சர்' என்னும் விஞ்ஞான இதழில் வெளிவந்தது. ஏறத்தாழ ஏழாம் நூற்றாண்டு முதல் பதினோராம் நூற்றாண்டு வரை அங்கே அத்தொழில் நடந்திருக்கின்றது.

தென்னிந்தியாவிலும் அவ்வாறே. அங்கே மூசையில் உருக்கிச் செய்த உருக்கு மேனாட்டிலும் புகழ் பெற்றிருந்தது. 1819 தொடக்கம் சில ஆண்டுகள் மைக்கேல் ஃபரடே அதன் இரகசியத்தை ஆராய்ந்தார். அவருடன் இருந்து ஆராய்ந்தவர் ஸ்டோடார்ட் என்னும் கத்தி செய்பவர். ஃபரடேயின் தந்தையாரோ கொல்லர். எமது நாடுகளில் மலிவான வெளிநாட்டு இரும்பு வந்திறங்கியதும் அக்கலைகள் அழிந்தமைக்கு ஒரு காரணம். ஆனால் செய்முறையே மறந்து போனமைக்கு வேறொரு காரணமும் உண்டென்று நாம் கருதுகின்றோம். உலையருகே நின்றவர்கள் ஏடு எழுதவில்லை. ஏடு எழுதத் தெரிந்தவர்கள் உலையருகே போகவில்லை. கொல்லனும் புலவனும் ஒரு திண்ணையில் இருந்திருந்தால், காற்றுலையைப் பற்றி அறிவதற்கு இருபதாம் நூற்றாண்டு வரை நாம் காத்திருக்க வேண்டியிராது.

இன்று எமது பிள்ளைகளுக்கு எழுதத் தெரியும். அவர்கள் உலையருகே போகட்டும். கரி பட்டால் சவர்க்காரம் இருக்கின்றது. பொறியியல் பயிலும் பெண் பிள்ளைகளுக்கும் நாம் சொல்வது இதுவே. தகுந்த தங்குமிடமும் பாதுகாப்பும் உறுதி செய்துகொண்டு அவர்களையும் அனுப்புங்கள். உலைக்கு ஆணென்றும் பெண்ணென்றும் இல்லை.

மூன்றாவது வினா சான்றிதழ் பற்றியது. இதற்கு நீண்ட மறுமொழி வேண்டியதில்லை. நோயாளியைத் தொடாமலே பயிற்சி முடித்ததாகச் சான்றிதழ் வாங்கிய வைத்தியரிடம், காய்ச்சலில் கிடக்கும் எம் பிள்ளையைக் கொண்டுபோவோமா? ஆலையைக் காணாமல் சான்றிதழ் வாங்கிய பொறியியலாளன் தேர்ந்த உருக்கு, நாளை ஒரு பாலத்தில் இருக்கும். ஒரு பள்ளிக்கூடத்தின் கூரையில் இருக்கும். அப்பாலத்தில் யாருடைய பிள்ளை போகும் என்று எமக்குத் தெரியாது. அன்றியும், பொய்ச் சான்றிதழை வாங்கித் தரும் பெற்றோர், படிப்பைவிடத் தாள் பெரிது என்பதைப் பிள்ளைக்கு முதன்முதலாகக் கற்பித்தவர் ஆவர். இந்த ஆலோசனை சொன்ன நண்பரை அம்மையார் அன்போடு தவிர்த்துவிடுவாராக.

கரியால் எரியும் உலைகளின் காலமே முடியப் போகின்றதாமே, பின் ஏன் அவற்றைக் கற்பது என்று சில மாணவர்கள் கேட்கின்றனர். உண்மைதான், ஊதுலை வழியாக 1 தொன் உருக்குச் செய்யும்போது ஏறத்தாழ 2 தொன் காபனீரொட்சைட்டு வானிற் கலக்கின்றது. சுவீடனிலே கரிக்குப் பதிலாக ஐதரசனைக் கொண்டு தாதிலிருந்து இரும்பு பிரித்து, அவ்வாறு செய்த உருக்கை 2021இல் முதன்முறையாக வழங்கினார்கள். வேல்ஸ் நாட்டின் போர்ட் டால்பட்டில் கடைசி ஊதுலை 2024 செப்டெம்பரில் அணைக்கப்பட்டது. ஆனால் ஆண்டுதோறும் உலகில் ஆகும் ஏறத்தாழ 190 கோடி தொன் உருக்கிலே பெரும்பகுதி இன்னமும் ஊதுலை வழியாகவே வருகின்றது. அதை மாற்றப் போகின்றவர்கள் இன்று கல்லூரியில் இருக்கும் பிள்ளைகளே. பழையதை அறியாதவன் அதனை மாற்ற முற்பட்டால், எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

இறுதியாக, பயிற்சிக்குப் புறப்படும் மாணவர்களுக்குச் சில சொற்கள்.

போகுமுன் இந்தியில் நூறு சொற்களாவது கற்றுக்கொள்ளுங்கள். வெப்பம், நீர், வாயு, நில், ஓடு, ஏன், எப்படி என்பன அவற்றில் இருக்கட்டும். சட்டைப்பையில் அடங்கும் கொப்பி ஒன்றை எப்போதும் வைத்திருங்கள். ஆலை முழுவதையும் இரண்டு மாதத்தில் அறிந்துவிடலாம் என்று எண்ணாதீர்கள். ஒரு பொருளைத் தெரிந்துகொண்டு, அது நுழையும் வாயிலிலிருந்து வெளியேறும் வாயில் வரை பின்தொடருங்கள். நீரையே தெரிந்துகொள்ளலாம், எங்கிருந்து வருகின்றது, எங்கே சூடாகின்றது, எங்கே அழுக்காகின்றது, எப்படித் திரும்பி வருகின்றது என்று படம் கீறுங்கள். புத்தகத்தில் உள்ள இலக்கத்துக்கும் ஆலையில் உள்ள இலக்கத்துக்கும் வேறுபாடு கண்டால் அதைக் குறித்துக்கொண்டு, காரணம் தெரியும்வரை கேளுங்கள். சென்ற ஆண்டு மாணவன் எழுதிய அறிக்கையைப் பார்த்து எழுதுவது, ஊர்ச் சோறு தின்று ஏப்பம் விடுவதற்கு ஒப்பாகும். அதிகாரிகள் அனுமதித்தால் ஓர் இரவு முறையிலும் நில்லுங்கள். ஊர் உறங்கும்போது யார் விழித்திருக்கின்றார்கள் என்பதைப் பொறியியலாளன் ஒருமுறையேனும் பார்த்திருக்க வேண்டும்.

ஒருவரிடம் கேட்குமுன் அவர் கைவேலை முடியும்வரை காத்திருங்கள். வயதில் மூத்த தொழிலாளியை, அவர் மொழியில் அண்ணன் என்றோ ஐயா என்றோ அழையுங்கள். அவர் சொல்லித் தந்ததை உங்கள் அறிக்கையிலே எழுதும்போது, அதை உங்கள் கண்டுபிடிப்பாக எழுதாது, இன்னாரிடம் கற்றேன் என்று அவர் பெயரையும் எழுதுங்கள். கடைசி நாளில் பொறுப்பதிகாரியிடம் கையொப்பம் வாங்கியவுடன் பேருந்துக்கு ஓடிவிடாமல், உலையடிக்கு ஒருமுறை போய், உங்களுக்குச் சொல்லித் தந்தவர்களிடம் விடைபெற்று வாருங்கள். வடமராட்சிப் பிள்ளையும் அவ்வாறே போய் வருவானாக.